சந்தேகப் பந்து யாருக்குச் சொந்தம்?

விளையாட்டைப் பற்றி வியாபாரிகளிடம் பேசப்போனால், "அதற்கெல்லாம் நமக்கேது நேரம்?" என்ற பதில்தான் முதலில் கிடைக்கும். அதில் குற்றம் காண்பதற்கில்லை. காலையில் கதவைத் திறந்தது முதல் இரவில் கணக்கை முடிக்கும்வரை கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள் நம்மில் அநேகர். ஆனால் நம் பிள்ளைகளின் நிலை வேறு. சாலாக் செலாத்தானிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நம்மவர் பிள்ளைகள் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படுவதை இன்று பார்க்கிறோம். கால்பந்தும் பூப்பந்தும் என்றிருந்த இடத்தில் டென்னிஸும் வந்து சேர்ந்துவிட்டது. ஜாலான் டூத்தாவில் தேசிய டென்னிஸ் நிலையமே இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, கடையைத் தம்பியிடமோ பணியாளிடமோ ஒப்படைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வேலியோரம் நின்று ஆட்டம் பார்க்கும் தந்தையரைக் கருதியே இதனை எழுதுகிறோம்.

இந்த ஆட்டத்திலே மற்ற ஆட்டங்களில் காணக்கிடைக்காத ஒரு விசேஷம் உண்டு. கால்பந்தில் ஊதல் ஊதுகிறவர் இருக்கிறார். கிரிக்கெட்டில் கையைத் தூக்குகிறவர் இருக்கிறார். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய டென்னிஸ் பந்தயங்களிலும் உயர்ந்த நாற்காலியில் ஒரு நடுவர் அமர்ந்திருப்பார். முன்பெல்லாம் கோட்டுக்குக் கோடு ஆள் நிறுத்துவார்கள். 2025ஆம் ஆண்டு விம்பிள்டனில் அவர்களையும் நிறுத்திவிட்டு இயந்திரக் கண்களையே வைத்துவிட்டார்கள். ஆனால் பன்னிரண்டு வயது, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆடும் இடத்தில் நாற்காலியும் இல்லை, இயந்திரமும் இல்லை. பல களங்களுக்குப் பொதுவாக ஒரு மேற்பார்வையாளர் நடந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்பவன் ஆடுகின்ற பிள்ளையேதான்.

எப்படியென்றால், வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் விழுவதற்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. பந்து கோட்டின் ஓர் ஓரத்தைத் தொட்டுவிட்டாலும் அது நல்ல பந்து. வெளியே என்றால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். யோசித்துவிட்டுச் சொல்வதற்கில்லை. சந்தேகமாக இருந்தால் அதன் பலனை எதிராளிக்கே கொடுத்துவிட வேண்டும். இவை சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் நடுவரில்லா ஆட்டங்களுக்கென்று வகுத்திருக்கும் விதிகள்.

நம் கடைவீதிப் பாஷையில் சொல்வதானால், தராசும் தன் கையில், சரக்கும் தன் கையில், எதிரே வாடிக்கைக்காரர் நிற்கிறார். அவர் தராசின் முள்ளை நன்றாகப் பார்க்க முடியாத தூரத்தில் நிற்கிறார். நாம் என்ன எடை சொல்கிறோமோ அதுவே எடை. இப்படிப்பட்ட இடத்திலே பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்துகிறோம் என்பதை நாம் உணர வேண்டும். வாதியும் அவனே, சாட்சியும் அவனே, நீதிபதியும் அவனே. பெரியவர்களை இந்த இடத்தில் நிறுத்தவே எந்த நாட்டுச் சட்டமும் யோசிக்கும். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நீதிமன்றங்களின் பால பாடம். டென்னிஸோ சிறுபிள்ளைகளை நம்பி அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. அந்த நம்பிக்கை ஓர் அமானிதம் என்றே நாம் கருதுகிறோம்.

இனி, கேள்விக்கு வருவோம். சந்தேகம் வந்தால் அதை ஏன் எதிராளிக்குக் கொடுக்க வேண்டும்? பாதி பாதியாகப் பங்கிட்டால் என்ன? அல்லது மறுபடியும் அந்தப் புள்ளியை ஆடினால் என்ன? "சரியாகப் பார்க்கவில்லை, திரும்ப ஆடலாம்" என்று பிள்ளைகள் சொல்வது வழக்கந்தான். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் விதி அதற்கு இடந்தரவில்லை. வெளியே என்று உறுதியாகச் சொல்ல முடியாத பந்து நல்ல பந்து, புள்ளி எதிராளியுடையது.

இதற்குக் காரணம் பெருந்தன்மை என்று பலர் சொல்லுவார்கள். நமக்கு அந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை. பெருந்தன்மை என்பது தன்னிடம் இருப்பதிலிருந்து ஒன்றை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது. நம் கடைகளிலே கொசுறு கொடுப்பதில்லையா? காய்கறி வாங்கியவருக்கு இரண்டு கொத்து கறிவேப்பிலையைச் சேர்த்துக் கொடுக்கிறோம். அது நம் மனம். கொடுக்காவிட்டால் யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ நிறுத்துக் கொடுப்பது கொசுறு அல்ல. அது அவருடைய ஹக்கு. முள் நடுவில் நிற்கிறதா சற்றுக் குறைவாக நிற்கிறதா என்று நமக்கே தெரியவில்லை என்றால், இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறோமே, அது எந்த வகை? அதுவும் கொசுறு அல்ல. தராசு நம் கையில் இருப்பதனாலேயே அந்தக் கடமையும் நம் தலையில் வந்து விழுகிறது. அளக்கும் அதிகாரம் யாரிடமோ, அளவில் வரும் சந்தேகத்தின் நஷ்டமும் அவரிடமே. சந்தேகப் பந்தும் அவ்வாறே. அதை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் பிள்ளை தானம் செய்யவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறான்.

இதிலே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. நம் கண்ணே நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லக்கூடியது! இது ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்த சங்கதி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளையில் டேவிட் விட்னி என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், 2007ஆம் ஆண்டு விம்பிள்டன் ஆட்டங்களிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை எடுத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் கோட்டு நடுவர்கள் பிழை செய்த இடங்கள் 83. குருட்டாம்போக்கில் நேர்ந்த பிழைகளாயிருந்தால், உள்ளே விழுந்ததை வெளியே என்றதும், வெளியே விழுந்ததை உள்ளே என்றதும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. 83இல் 70, உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சொன்ன பிழைகள். ஓடுகின்ற பொருளை மனிதக் கண் அது இருக்கும் இடத்தில் காண்பதில்லை. அது ஓடுகின்ற திசையில் சற்று முன்தள்ளியே காண்கிறது. ஆகவே கோட்டிலே விழுந்த பந்து, கோட்டைத் தாண்டி விழுந்ததாகத் தென்படுகிறது.

அவர்களோ பயிற்சி பெற்றவர்கள். அசையாமல் நின்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவர்களுக்கு லாபமோ நஷ்டமோ இல்லை. அவர்கள் கண்ணே இப்படியென்றால், மூச்சு வாங்க ஓடிக்கொண்டே, ஜெயிக்க வேண்டுமென்ற ஆசையும் நெஞ்சில் இருக்க, நூற்றில் ஒரு பங்கு விநாடிகூடத் தரையைத் தொட்டு நிற்காத பந்தைப் பார்க்கும் பிள்ளையின் கண் எப்படி இருக்கும்? அவன் பொய் சொல்லவில்லை. வெளியே என்று நம்பியே சொல்கிறான். ஆனால் அவன் கண் என்ற தராசு தானாகவே அவன் பக்கம் சாய்ந்த தராசு. தன் தராசு தன் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த வியாபாரி, "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்று கேட்டுக்கொண்டே வருஷம் முழுவதும் அதிலேயே நிறுத்துக்கொண்டிருந்தால் அவரை என்னவென்று சொல்வோம்? சந்தேகத்தை எதிராளிக்குக் கொடு என்ற விதி, சாய்ந்த தராசின் மறுதட்டில் வைக்கும் எடைக்கல். இதைப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லலாம். "கள்ளத்தனம் செய்யாதே" என்று மட்டும் சொன்னால், "நான் கள்ளன் இல்லையே" என்று பிள்ளை நிம்மதியாக இருந்துவிடும். "உன் கண்ணை அளவுக்கு மேல் நம்பாதே" என்று சொன்னால் விஷயம் விளங்கும்.

பிழையாகச் சொல்லிவிட்டு அந்தக் கணமே உணர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி வழி வைத்திருக்கிறது. முதல் தடவையானால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாம். எட்டிப் பிடிக்க முடியாத பந்தாயிருந்தாலோ, அதே ஆட்டத்தில் முன்பே ஒரு தடவை அப்படிப் பிழை செய்திருந்தாலோ, புள்ளி எதிராளிக்கு. களிமண் தளமாயிருந்தால் பந்து விழுந்த தடம் தெரியும். அதைப் பார்க்க வேண்டுமென்று எதிராளி கேட்கலாம், வலையைத் தாண்டி வந்தும் பார்க்கலாம். தடத்தை அழித்தவன் வாதத்தை விட்டுவிட்டதாகவே கணக்கு. 2023 ஜூலையில் புடாபெஸ்ட் நகரில், சீனத்து ஆட்டக்காரி ஜாங் ஷுவாய் அடித்த பந்தின் தடத்தை, அது பற்றிய தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே எதிராளி காலால் தேய்த்து அழித்ததை உலகமே பார்த்தது. ஜாங் ஷுவாய் கண்ணீருடன் ஆட்டத்தை விட்டு விலகினார். தடத்தை அழித்தவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். நம் ஊரிலே பெரும்பாலும் கெட்டித் தளங்கள்தாம். அங்கே அழிப்பதற்குத் தடமே இல்லை. பிள்ளையின் வாய்ச்சொல் ஒன்றுதான் பத்திரம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு தகப்பனார் நம்மிடம் இப்படிக் கேட்கக்கூடும்: "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. என் மகன் சந்தேகப் பந்தையெல்லாம் கொடுக்கிறான். எதிரே நிற்கும் பையனோ கோட்டிலே விழுந்ததையெல்லாம் வெளியே என்கிறான். என் மகன் தோற்று அழுதுகொண்டு வருகிறான். இவனுக்கு நான் என்ன சொல்ல?"

இது நியாயமான கேள்வி. நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "நாணயமாய் இருந்தால் முடிவில் ஜெயம் உனக்கே" என்பது. கடையில் புதிதாய்ச் சேரும் பையனுக்கும் இதையேதான் சொல்கிறோம்: நாணயம் இருந்தால் வியாபாரம் பெருகும். பெரும்பாலும் அது வாஸ்தவமே. ஆனாலும் பிள்ளையிடம் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது என்பது நம் அபிப்பிராயம். ஏனென்றால் அது எப்போதும் உண்மையல்ல.

இரண்டு பெரிய ஆட்டக்காரர்களின் கதையைப் பாருங்கள். 1982இல் பிரெஞ்சுப் பந்தயத்தின் அரையிறுதியில் சுவீடனைச் சேர்ந்த மாட்ஸ் விலாண்டர் அர்ஜென்டினாவின் ஹோசே லூயிஸ் கிளெர்க்கை எதிர்த்து ஆடினார். விலாண்டருக்கு அப்போது வயது பதினேழு. கடைசிப் புள்ளியில் கிளெர்க் அடித்த பந்து வெளியே என்று தீர்ப்பாகி, ஆட்டமும் முடிந்துவிட்டது. விலாண்டரோ, பந்து நல்ல பந்து என்று தாம் எண்ணுவதாகச் சொல்லி, அந்தப் புள்ளியை மறுபடியும் ஆட வைத்தார். மறுபடியும் ஆடி அதையும் ஜெயித்தார். அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றார். பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவு அழகான கதை! ஆனால் 2005இல் ரோமாபுரியில் நடந்தது வேறு. அமெரிக்காவின் ஆண்டி ராடிக் ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ வெர்தாஸ்கோவுடன் ஆடினார். இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் ராடிக்குக்கு ஜெயம். வெர்தாஸ்கோ போட்ட இரண்டாவது சர்வும் வெளியே என்று தீர்ப்பாயிற்று. அத்துடன் ஆட்டம் முடிந்திருக்கும். ராடிக் தரையிலிருந்த தடத்தைக் காட்டி, பந்து நல்லதென்று தாமே சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது. முடிவில் ஜெயித்தவர் வெர்தாஸ்கோ!

ராடிக் செய்தது விலாண்டர் செய்ததைவிட எந்த விதத்தில் குறைந்தது? பலனை வைத்துப் பார்த்தால் ஒருவர் புத்திசாலி, மற்றவர் ஏமாளி. செயலை வைத்துப் பார்த்தால் இருவர் செய்ததும் ஒன்றே. ஆகவே தோற்று வந்த மகனிடம், "அடுத்த தடவை உனக்குத்தான் ஜெயம்" என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. "நீ கொடுத்தது அவனுடையது. அவன் எடுத்தது உன்னுடையது. இரண்டும் ஒன்றல்ல" என்று சொல்லலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியுமா என்று கேட்டால், நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும். வீட்டிலே ஒரு மிட்டாயைப் பங்கிடும்போது நியாயம் பேசுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அதற்காக, எதிராளி எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பொறுமை வேறு, ஏமாளித்தனம் வேறு. "நிச்சயமாய் வெளியேதானா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். மறுபடியும் அப்படியே நடந்தால் ஆட்டத்தை நிறுத்தி மேற்பார்வையாளரை அழைக்கலாம். அது கோள் சொல்வதல்ல; அதற்காகத்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: "அவன் இரண்டு எடுத்தான், நானும் இரண்டு எடுக்கிறேன்" என்று பழிக்குப் பழி வாங்குவது. பக்கத்துக் கடைக்காரர் எடையில் அடிக்கிறார் என்பதற்காக நாமும் நம் தராசைத் தட்டிவிட்டால், நஷ்டப்படுவது பக்கத்துக் கடைக்காரரா? நம் வாடிக்கைக்காரர்தானே! டென்னிஸில் வாடிக்கைக்காரரும் போட்டிக் கடைக்காரரும் ஒரே ஆளாக எதிரே நிற்பதால் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

இங்கே மற்றொரு வழுக்கலையும் சொல்லிவிடுகிறோம். சில நல்ல பிள்ளைகள், முன்பு தவறாகச் சொல்லிவிட்டோமோ என்ற உறுத்தலில், பின்னால் தெளிவாக வெளியே விழுந்த பந்தையும் நல்லதென்று கொடுத்துவிடுவார்கள். மனம் நல்ல மனந்தான். ஆனால் விதி கேட்பது உண்மையை, கொசுறை அல்ல. காலையில் ஒருவருக்கு எடை குறைத்துவிட்டு, மாலையில் இன்னொருவருக்குக் கூட்டிப் போட்டால் கணக்கு நேராகிவிடுமா?

இனி, வேலிக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி. பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதைவிட இது கடினம். ஏனென்றால் இது நம்மைப் பற்றியது.

பார்வையாளர்களின் கூச்சல் ஓர் ஆட்டத்தை என்ன செய்துவிடும் என்பதற்கு நம் மலேசியாவின் பூப்பந்துச் சரித்திரத்திலேயே ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது. 1967இல் தாமஸ் கிண்ண இறுதிப் பந்தயம் ஜகார்த்தாவில் நடந்தது. இந்தோனேசியா 1958 முதல் கிண்ணத்தை வைத்திருந்த நாடு. மலேசியா 4க்கு 3 என்று முன்னணியில் இருக்க, இங் பூன் பீயும் டான் யீ கானும் இரட்டையர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அரங்கத்திலே கூச்சலும் இடையூறும் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடவே, தலைமை நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். மீதி ஆட்டங்களை நியூசிலாந்தில் ஆட வேண்டுமென்று சர்வதேச சம்மேளனம் முடிவு செய்தது. இந்தோனேசியா அதற்கு இணங்கவில்லை. 6க்கு 3 என்று மலேசியாவுக்கே ஜெயம் அறிவிக்கப்பட்டது. கிண்ணம் நமக்கு வந்தது என்பது மெய்யே. ஆனால் அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த நால்வருக்கும், தங்களில் யார் மேல் என்பதைக் களத்திலேயே காட்டும் வாய்ப்புப் பறிபோயிற்று. தங்கள் ஆட்களை ஜெயிக்கவைக்கக் கத்திய கூட்டம், தங்கள் ஆட்களுக்கே அந்த வாய்ப்பைக் கெடுத்தது. 1992இல் கோலாலம்பூரில் அதே இந்தோனேசியாவை 3க்கு 2 என்று களத்திலேயே வென்றபோதுதான் நம் ஜனங்களின் சந்தோஷம் முழுச் சந்தோஷமாயிற்று என்பது நம் எண்ணம்.

அங்கே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்ததை, இங்கே ஒரு தகப்பனார் தனி ஆளாகவே செய்துவிடலாம். சிறுபிள்ளைகள் ஆடும் களத்தைச் சுற்றி இரைச்சல் இல்லை. ஒரு செருமல்கூடக் கேட்கும். பந்து விழுந்ததும் பிள்ளைகளில் சிலர் கோட்டைப் பார்ப்பதற்கு முன் வேலியைப் பார்ப்பதுண்டு. அத்தாவின் முகத்திலே என்ன தெரிகிறது? தலை ஆடுகிறதா, விரல் அசைகிறதா? அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "வெளியே" என்று சொல்லும் பிள்ளையைக் கள்ளன் என்று எப்படிச் சொல்வது? கோட்டைப் பற்றிய தீர்ப்பிலே பார்வையாளர் எவரும் தலையிடக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். எதிராளிப் பிள்ளை இரண்டு சர்வும் தவறவிடும்போது கைதட்டுவதும் அப்படியே. நல்ல அடிக்குத் தட்டலாம், அது யார் அடித்ததாயிருந்தாலும். பிறர் பிள்ளையின் தடுமாற்றத்துக்குத் தட்டுவது கைதட்டலே அல்ல.

தகப்பனாருடைய ஆசை வரம்பு மீறினால் எதுவரை போகும் என்பதற்குப் பிரான்சு தேசத்தில் ஒரு பயங்கரமான வழக்கு நடந்தது. தம் மகனும் மகளும் ஜெயிக்க வேண்டுமென்று, எதிராளிகளின் தண்ணீர்ப் போத்தலில் தூக்க மருந்தைக் கலந்துவந்தார் ஒருவர். பிள்ளைகளுக்கு அது தெரியாது. 2003 ஜூலையில், அவருடைய மகனுடன் ஆடிய 25 வயது இளைஞர் ஒருவர் ஆட்டம் முடிந்து காரோட்டி வீடு திரும்பும் வழியில் விபத்துக்குள்ளாகி மாண்டுபோனார். 2006இல் நீதிமன்றம் அந்தத் தகப்பனாருக்கு எட்டாண்டு சிறைத் தண்டனை விதித்தது. நம்மில் யாரும் அப்படிச் செய்யமாட்டோம். ஆயினும் அவரும் முதல் நாளே மருந்துப் புட்டியோடு களத்துக்கு வந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

தகப்பனாரின் ஆர்வமே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டின் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவரே. அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தையார் டி. கே. ராமநாதன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அதே பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறையாகத் தகப்பனார் மகனுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது. கடையைப் போலவே டென்னிஸையும் வழிவழியாக நடத்தலாம் போலும்!

தோல்வியை ஆடினவரைவிடப் பார்த்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதும் புதிதல்ல. நபி பெருமானாரின் அள்பா என்ற ஒட்டகத்தை ஓட்டத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் தாங்கவில்லை. பெருமானாரோ, உலகில் உயர்ந்துவிட்ட எதையும் ஒரு நாள் தாழ்த்துவது இறைவன் வழக்கம் என்ற கருத்தைச் சொல்லி அவர்களைத் தேற்றினார்கள் என்று வரலாறு. முந்திச் சென்ற அரபியை யாரும் குறை சொன்னதாக இல்லை.

கடைசியாக, நம்மை மிகவும் யோசிக்க வைத்த சங்கடம் ஒன்று. வேலியோரம் நிற்கும் தகப்பனார் தெளிவாகப் பார்க்கிறார்: எதிராளியின் பந்து கோட்டிலேயே விழுந்தது. தம் மகன் "வெளியே" என்கிறான். அந்தப் புள்ளியோடு ஆட்டம் முடிந்து மகன் ஜெயித்தும் விடுகிறான். அவர் என்ன செய்ய வேண்டும்? மௌனமாயிருந்தால் அநியாயத்துக்குத் துணை போனவர் ஆவாரோ?

ஆட்டம் நடக்கும்போது அவர் வாயைத் திறக்கக் கூடாது என்றே நாம் சொல்வோம். மகனுக்கு எதிராக இன்று சாட்சி சொல்லும் உரிமை அவருக்குக் கொடுத்தால், மகனுக்குச் சாதகமாக நாளை சொல்லும் உரிமையையும் கொடுத்தாக வேண்டும். அப்புறம் எதிர்ப்பக்கத்துத் தகப்பனாரும் வருவார், மாமாவும் வருவார். களம் பெரியவர்களின் பஞ்சாயத்தாகிவிடும். போதாததற்கு, வேலியோரம் நிற்பவர் கண்ணும் அதே மனிதக் கண்ணே. அவர் நிற்கும் கோணத்திலிருந்து கோடு தெரிவதும் அபூர்வம். ஆகவே அந்த மௌனம் அநியாயத்துக்குத் துணையல்ல. ஆனால் காரில் ஏறிய பிறகும் அதே மௌனம் நீடித்தால்தான் அது துணை போவதாகும். மகன் கையில் கிண்ணம் இருக்கிறது, வீட்டில் உம்மா காத்திருக்கிறார், எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் இதை எப்படிச் சொல்வது? கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. "தம்பி, அந்தக் கடைசிப் பந்தை நீ எங்கே பார்த்தாய்?" என்று கேட்டால் போதும். பிள்ளைக்கு உறுத்தல் இருந்தால் அதுவே வெளியே வரும். இல்லாவிட்டால், கண்ணின் சாய்வைப் பற்றி மேலே சொன்னதைப் பேசலாம்.

முடிந்துபோன ஆட்டத்தில் இனி என்ன செய்ய முடியும் என்றால், நம் வியாபாரத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்வோம். தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பின் நீதிமன்றத்துக் கதவு திறக்காது. கதவு திறக்காததனால் கடன் அடைபட்டுவிட்டதா? ஏழாவது வருஷமும் கடன்காரர் நம் எதிரே வந்தால் நாம் தலையைக் குனிந்துகொள்கிறோம் அல்லவா? ஆட்டத்தின் கதவு ஆறு ஆண்டுகூடத் திறந்திருப்பதில்லை. அடுத்த புள்ளி தொடங்கியதும் மூடிக்கொள்கிறது. பட்டியல் மாறாது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஆயினும் எதிரே நின்று ஆடிய பிள்ளைக்கு ஒரு பாக்கி நிற்கிறது. அடுத்த பந்தயத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டால், "அன்றைக்குக் கடைசிப் பந்து நல்ல பந்து என்று இப்போது நினைக்கிறேன்" என்று மகன் தனியாக, அவனிடம் மட்டும் சொல்லட்டும். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளலாம், சிரித்துவிடலாம், எந்தப் பந்து என்று மறந்தே போயிருக்கலாம். அத்தாவும் கூடவே போகலாம். ஆனால் பேச்சுக் காதில் விழாத தூரத்தில் நிற்கட்டும்.